காசு போடாமல் ஃபுரினா கிடைப்பாளா? ப்ரைமோஜெம் சேர்க்க வழி சொல்லுங்கள்

நீலக்குடை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கென்ஷின் இம்பாக்ட் என்ற கேம் ஆடுவது மொபைலில் மட்டும்தான். திண்டுக்கல்லில் கல்லூரி இரண்டாம் வருஷம், பெண்கள் விடுதியில் இருக்கிறேன். அட்வென்ச்சர் ரேங்க் 42.

ஆட்டத்தில் வரும் ஃபோன்டைன் நாட்டின் கதையை இப்போதுதான் முடித்தேன். ஐந்நூறு வருஷம் ஒருத்தரிடமும் வாய் திறக்க முடியாமல் தனியாக நடித்துக்கொண்டே இருந்தாளே, அந்த ஃபுரினா மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். வேறு யாரும் எனக்கு வேண்டாம். அடுத்த தடவை அவளுடைய பேனர் (குறிப்பிட்ட ஆளை இழுக்கும் குலுக்கல்) ரீரன் வரும்போது எப்படியாவது எடுத்துவிட வேண்டும்.

என்னிடம் இருப்பது 2,900 ப்ரைமோஜெம் (இழுப்பதற்குச் செலவாகும் ஆட்ட நாணயம்). கடைசியாகக் கிடைத்த ஐந்து நட்சத்திர (மிக அரிய) ஆள் கிகி. அதற்குப் பிறகு எத்தனை இழுத்தேன் என்று ஹிஸ்டரியில் எண்ணினேன், 23. டெய்லி கமிஷன் (தினசரிச் சிறு வேலைகள்) செய்கிறேன், ஆனால் தேர்வு வந்தால் விட்டுவிடுவேன்.

எங்கே கேட்டாலும் "வெல்கின் வாங்கு" (காசு கொடுத்து வாங்கும் மாத பாஸ்) என்பதுதான் முதல் பதில். வீட்டில் அதற்குக் காசு கேட்கும் நிலை இல்லை, கேட்கவும் மாட்டேன். காசு இல்லாமல் எவ்வளவு காலத்தில் சேரும், எதில் நேரத்தைப் போட்டால் நல்லது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:

ஆசியா சர்வர் என்றால் முதலில் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள் சிஸ்டர். சர்வர் நேரம் காலை 4 மணிக்கு நாள் மாறும், நமக்கு அது நள்ளிரவு 1:30. எனக்குச் சென்னையில் இரவுப் பணி, சரியாக அந்த நேரத்தில்தான் டீ பிரேக். 1:30-க்கு முன்னால் அன்றைய கமிஷன், 1:30 தாண்டியதும் அடுத்த நாளுடையது. ஒரே உட்காரலில் இரண்டு நாள் வேலை முடியும்.

அப்புறம் கோடுகள், அதாவது தட்டச்சு செய்தால் பரிசு தரும் எழுத்துகள். புது பேட்ச் (ஆட்டத்தின் புதுப் பதிப்பு) வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் லைவ்ஸ்ட்ரீம் போடுவார்கள். அதில் மூன்று கோடு, ஒவ்வொன்றுக்கும் 100 ப்ரைமோஜெம். ஆனால் ஒரு நாள் அளவுக்குத்தான் தாங்கும், தூங்கி எழுந்து மெதுவாகப் பார்க்கலாம் என்று இருந்தால் போய்விடும். செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குள்ளேயே ரிடீம் செய்யலாம்.

மேகமலை:

தங்கச்சி, நீ எழுதியதிலேயே நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. கடைசியாகக் கிகி வந்தாள் என்கிறாயே, எந்த பேனரில் வந்தாள்? ஹிஸ்டரியை இன்னொரு தடவை திற. ஸ்டாண்டர்ட் விஷ் (எப்போதும் இருக்கும் பேனர்) என்று இருந்தால் ஒன்றும் இல்லை. கேரக்டர் ஈவென்ட் விஷ் என்று இருந்தால் நீ 50/50 (பேனர் ஆளா வேறு ஆளா என்ற பாதிக்குப் பாதி வாய்ப்பு) தோற்றிருக்கிறாய் என்று அர்த்தம். அப்படியானால் அடுத்து வரும் ஐந்து நட்சத்திரம் அந்தப் பேனரில் முகம் போட்டிருக்கும் ஆள்தான், மாறவே மாறாது. இந்த கேரன்டி பேனர் மாறினாலும் பேட்ச் மாறினாலும் அழியாது. மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நீ எண்ணிய 23-ம் அப்படித்தான். உன் கேள்விக்குப் பதிலே இதைப் பொறுத்துத்தான், இதைப் பார்த்துவிட்டு வா.

நான் காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2021-இல் இனாசுமா வந்த சமயத்தில் ஆட ஆரம்பித்தேன், இன்றுவரை ஒரு ரூபாய் போட்டதில்லை, வேண்டிய ஆட்களை எல்லாம் எடுத்திருக்கிறேன். கடைக் கணக்கு எழுதும் அதே பழக்கத்தில் ப்ரைமோஜெமுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பிட்டி, அதாவது கடைசி ஐந்து நட்சத்திரத்துக்குப் பிறகு இழுத்த எண்ணிக்கை. அதை வைத்துத்தான் சொல்கிறேன், உன் இலக்கு எட்டாத இலக்கே இல்லை.

கேரன்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு விஷ், அதாவது ஒரு இழுப்பு, 160 ப்ரைமோஜெம். எவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்தாலும் 90-ஆவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் வந்தே ஆக வேண்டும். நீ 23-இல் நிற்கிறாய், மிச்சம் 67. கையில் இருக்கும் 2,900-க்கு 18 விஷ் வரும், 20 மீதி. ஆக 49 விஷ் பாக்கி, அதாவது 7,820 ப்ரைமோஜெம். உன் மொத்தக் கடன் இவ்வளவுதான். உண்மையில் இவ்வளவும் தேவைப்படாது. 0.6 சதவீதமாக இருக்கும் வாய்ப்பு 74-ஐ ஒட்டி விறுவிறு என்று ஏறத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு 75-க்கும் 80-க்கும் இடையில் வந்துவிடும். ஆனால் திட்டம் போடும்போது 90 என்றே போடு, குறைந்தால் லாபம்.

இப்போது வரவு. ஒரு பேட்ச் ஆறு வாரம், 42 நாள். டெய்லி கமிஷன் நான்கும் முடித்துச் சங்க வரவேற்பாளர் கேத்தரினிடம் போய்ச் சொன்னால் 60. 42 நாளைக்கு 2,520. பேட்ச் மாறும் புதன்கிழமை மெயின்டனன்ஸுக்கும் பிழை திருத்தத்துக்கும் சேர்த்து மெயிலில் 600 வரும். அந்த மெயிலைத் திறந்து எடுக்க வேண்டும், 30 நாளில் காலாவதியாகும். மேலே சொன்ன மூன்று கோடு, 300. கூட்டினால் 3,420. இதில் எதற்கும் திறமை வேண்டாம், நல்ல ஆயுதம் வேண்டாம், நல்ல போன்கூட வேண்டாம். இரண்டு பேட்ச் பொறுத்தால் 6,840.

மீதி 980-க்குக் கடையைப் பார். ஆட்டத்துக்குள் இருக்கும் பைமோன் கடையில் ஸ்டார்டஸ்ட் (இழுக்கும்போது சேரும் துணை நாணயம்) பகுதி. மாதம் பிறந்ததும் 75 ஸ்டார்டஸ்டுக்கு ஒன்று என்று ரோஜா நிற விஷ் (கேரக்டர் ஈவென்ட் பேனருக்கானது) 5 வாங்கலாம், நீல நிறமும் (ஸ்டாண்டர்ட் பேனருக்கானது) 5 இருக்கும். ரோஜாவை மட்டும் வாங்கு. மூன்று நட்சத்திர ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் 15 ஸ்டார்டஸ்ட் விழுகிறது, அதனால் ஓரளவு உன்னிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். இரண்டு பேட்சுக்குள் இரண்டு மாதப் பிறப்பாவது வந்துவிடும், அது 10 விஷ். கணக்கு நேராகிவிட்டது பார்! ஒரு நிகழ்வில்கூடக் கலந்துகொள்ளாமல், ஒரு பெட்டிகூடத் திறக்காமல் இவ்வளவு.

ஆனால் நீ இரண்டு பேட்ச் காத்திருக்கும்படி ஃபுரினா இருக்க வேண்டுமே. அடுத்த பேட்சிலேயே வந்து நின்றால்? அதற்குத்தான் மீதி விஷயங்கள்.

இந்த ஆட்டத்தில் வருமானம் இரண்டு வகை. டெய்லியும் நிகழ்வும் கூலி மாதிரி, அன்றைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. பெட்டி, குவெஸ்ட், அச்சீவ்மென்ட் எல்லாம் தாத்தா எழுதி வைத்த நிலம் மாதிரி, எங்கேயும் ஓடாது, ஆனால் ஒரு தடவைதான் விற்க முடியும். புதிதாக ஆடுகிறவர்கள் நிலத்தை முதலில் விற்று முன்னால் வரும் பேனரில் எல்லாம் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிடித்த ஆள் வரும்போது கையில் வெறும் கூலி. நீ 42-ஆம் ரேங்கில் இருக்கிறாய், உன் நிலம் பெரும்பகுதி விற்காமலே கிடக்கும். தேர்வு நேரத்தில் கூலியை மட்டும் வாங்கு, விடுமுறையில் நிலத்துக்குப் போ.

அச்சீவ்மென்டிலிருந்து தொடங்கு. பைமோன் மெனுவில் அதைத் திறந்து கடைசியாக எப்போது வாங்கினாய்? ஒவ்வொன்றுக்கும் 5, 10, 20 என்று வரும், ஆனால் தானாகக் கையில் விழாது. உள்ளே போய், எந்தத் தலைப்பில் முடிந்தது இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். "உலக விந்தைகள்" தலைப்பில்தான் ஏராளம் குவிந்திருக்கும்.

அடுத்து அபிஸ், தளம் தளமாகச் சண்டை போடும் இடம். முதல் எட்டுத் தளமும் ஒரே ஒரு முறை தரும் பரிசு, காத்திருக்கும், அவசரமே இல்லை. மூன்றாம் தளத்தில் ஷாங்லிங் இலவசமாகக் கிடைப்பாள், நான்காம் தளத்தில் கொலேய். 9 முதல் 12 வரை மாதம்தோறும் புதிதாகும், முழு நட்சத்திரம் எடுத்தால் 800. உன் ரேங்குக்கு 12 கஷ்டம். ஒன்பதாம் தளத்தில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடு, அதற்காகக் கண் விழிக்காதே.

ராத்திரி ஷிஃப்ட் தம்பி சொன்ன 1:30 யோசனை அவருக்கு ரொம்பப் பொருத்தம். நீ அப்படிச் செய்யாதே மா, காலையில் வகுப்பு இருக்கும்.

செம்பருத்தி:

அக்கா சொன்ன கணக்கு சரி. நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பெட்டி தேடி மலை ஏறுவது நேரத்தை விழுங்குகிற வேலை. சாதாரணப் பெட்டியில் ஒன்றோ இரண்டோதான் விழும். அந்த நேரத்துக்கு ஸ்டோரி குவெஸ்ட் ஆடினால் ஒரு அங்கம் முடிந்ததும் 60 மொத்தமாக வரும். எட்டு கமிஷனுக்கு இந்த குவெஸ்டைத் திறக்கும் சாவி ஒன்று கிடைக்கும், மூன்றுக்கு மேல் சேராது. சாவி மூன்றாக நிரம்பி நிற்கிறது என்றால் உடனே ஒன்றைச் செலவழியுங்கள். ஹேங்கவுட்டுக்கு (பல முடிவுகள் உள்ள கதை) இரண்டு சாவி, அதிலும் முடிவுக்கு முடிவு ப்ரைமோஜெம் உண்டு.

சின்ன நிகழ்வுகளையும் விடாதீர்கள். ஒரு நிகழ்வுக்கு 420 வரை தருவது வழக்கம். புது பேனர் வந்ததும் அதன் ஐந்து நட்சத்திர ஆட்களை வைத்து ஆடிப் பார்க்கும் டெஸ்ட் ரன், ஆளுக்கு 20. ஒரு நிமிஷ வேலை. வருஷா வருஷம் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் லியூவேயில் வரும் விளக்குத் திருவிழாவைக் கட்டாயம் ஆடுங்கள். நான்கு நட்சத்திர ஆள் ஒருவரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

ஹோயோலேப் செயலியில் தினமும் வருகைப் பதிவு உண்டு, மாதத்துக்கு 60. சின்னத் தொகைதான், ஆனாலும் மூன்று மாதத்தில் ஒரு விஷ்ஷுக்கு மேல்.

நீலக்குடை:

அக்கா! கிகி வந்தது கேரக்டர் ஈவென்ட் விஷ்ஷில்தான்! இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கேரன்டி இருக்கிறது. கிகி வந்த அன்று எவ்வளவு அழுதேன் தெரியுமா, இப்போது அவளைப் பார்த்தால் பாசமாக இருக்கிறது.

அச்சீவ்மென்டும் திறந்தேன். ஆட ஆரம்பித்ததிலிருந்து ஒன்றுகூட வாங்கவில்லை. எல்லாம் வாங்கி முடித்தபோது 615 கூடியிருந்தது. அறைத்தோழிக்கும் காட்டினேன், அவளும் ஓடிப்போய்த் தன்னுடையதைத் திறந்தாள்.

இன்னும் மூன்று சந்தேகம். நடுவில் வரும் பேனரில் நான்கு நட்சத்திரத்துக்காகப் பத்து விஷ் மட்டும் போடலாமா? ஆபத்து இல்லைதானே? இரண்டாவது, ஃபுரினாவின் சொந்த வாளும் அவளோடு ஆயுத பேனரில் வருமாமே, அது இல்லாவிட்டால் பயன் இல்லையா? மூன்றாவது, "இலவச ப்ரைமோஜெம்" என்று ஒரு சுட்டி எங்கள் வகுப்புக் குழுவில் வந்தது, ஐடியும் கடவுச்சொல்லும் கேட்கிறது.

ராத்திரி ஷிஃப்ட்:

மூன்றாவதுக்கு நான் சொல்கிறேன். அந்தச் சுட்டியைத் தொடாதீர்கள், வகுப்புக் குழுவிலும் உடனே எச்சரித்து எழுதுங்கள். ப்ரைமோஜெம் கணக்கு முழுவதும் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது, வெளியிலிருந்து யாராலும் அதை ஏற்ற முடியாது. என் சித்தி பையன் இப்படி ஒரு இடத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தான், மறுநாள் மின்னஞ்சலே மாறியிருந்தது. இரண்டு வருஷம் ஆடிய கணக்கு, திரும்ப வரவே இல்லை. கோடு என்றால் ஆட்டத்துக்குள்ளோ அவர்களுடைய சொந்தத் தளத்திலோ மட்டும்தான் போட வேண்டும்.

மேகமலை:

கிகி விஷயம் கேட்டு எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. 615 வந்ததில் கடன் 7,205 ஆகிவிட்டது, நோட்டில் எழுதிக்கொள்.

பத்து விஷ் கேட்டாய். வேண்டாம், கண்டிப்பாக வேண்டாம். நான்கு நட்சத்திரத்துக்காகப் போட்ட பத்தில் ஐந்து நட்சத்திரம் வந்து தொலைந்தால் உன் கேரன்டி அங்கே செலவாகிவிடும். அப்புறம் ஃபுரினா வரும்போது மறுபடி பாதிக்குப் பாதி அதிர்ஷ்டத்தில் நிற்க வேண்டும். 2024 ஆகஸ்டில் 5.0 பேட்ச் வந்ததிலிருந்து அந்த வாய்ப்பு மொத்தத்தில் 55 சதவீதம் ஆகியிருக்கிறது, இருந்தாலும் தோற்கும் 45 சதவீத ஆபத்தில் எதற்குப் போய் நிற்க வேண்டும்? கேரன்டி கையில் இருக்கிறவள் பேனரைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிடலாம். நான்கு நட்சத்திர ஆள் வேண்டும் என்றால் கடையில் ஸ்டார்க்ளிட்டர் (இன்னொரு துணை நாணயம்) பகுதியில் மாதம் இரண்டு பேர் வருவார்கள், ஆளுக்கு 34. ஆனால் அதே ஸ்டார்க்ளிட்டர் 5 கொடுத்தால் ஒரு ரோஜா விஷ். உன் இடத்தில் நான் இருந்தால் விஷ்தான் வாங்குவேன்.

நீல விஷ் கையில் வந்தால் மட்டும் ஸ்டாண்டர்ட் பேனரில் தாராளமாகப் போடு. அந்த பேனரின் எண்ணிக்கை தனி, உன் 23-ஐ அது தொடாது. பேட்டில் பாஸ் என்ற பரிசுப் பட்டியலின் இலவச வரிசையில் 5 கிடைக்கும், ஆட்களை வளர்க்கும்போது 20, 50, 70 லெவலில் ஒன்று கிடைக்கும். அதில் விழும் ஸ்டார்டஸ்ட் ரோஜா விஷ்ஷாகத் திரும்பி வரும். ப்ரைமோஜெமை மாற்றி நீலம் வாங்குவது மட்டும் கூடாது. விஷ் போதவில்லை என்றால் ப்ரைமோஜெமில் வாங்கவா என்று ஒரு பெட்டி கேட்கும், அங்கே நிதானமாகப் படித்துவிட்டுத் தட்டு.

செம்பருத்தி சொன்ன சாவி விஷயம் முழுக்கச் சரி. பெட்டி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம். மொண்ட்ஸ்டாட் மலைகளில் மிச்சப் பெட்டி தேடி அலைவது அலுப்புதான். ஃபோன்டைன் அப்படி இல்லை. தண்ணீருக்குள் மூச்சுத் திணறாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீந்தலாம், மேலே தரையில் ஏறி இறங்குவதைப் போல ஸ்டமினா தீரும் தொல்லை கிடையாது, கீழே பார்த்தால் பெட்டியும் புதிரும் அடுத்தடுத்து இருக்கும். கதையை மட்டும் முடித்தவர்கள் கடலுக்கு அடியில் பாதியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். டெலிபோர்ட் புள்ளி ஒவ்வொன்றைத் திறந்தாலும் 5, ஏழு தெய்வச் சிலைக்குக் காணிக்கை கொடுத்து லெவல் ஏற்றும்போதும் வரும். ஃபுரினாவின் ஊரிலேயே சம்பாதித்து ஃபுரினாவை எடு, அதில் ஒரு நிறைவு இருக்கிறது, நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஹோயோலேப் வரைபடத்தில் எடுத்த பெட்டியை டிக் அடித்துக்கொண்டே போனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியதில்லை. போனில் இடம் போதவில்லை என்றால் செட்டிங்ஸில் ரிசோர்ஸ் பகுதியில் முடிந்துபோன குவெஸ்ட் கோப்புகளை அழிக்கலாம், ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

இனி வாள். ஆயுத பேனர் பக்கமே போகாதே, அது காசு போடுகிறவர்களுக்கானது. ஃபுரினாவுக்கு நல்ல இலவச வாள் ஒன்று இருக்கிறது, ஃப்ளூவ் சான்ட்ர் ஃபெரிமன். நான்கு நட்சத்திரம், ஃபோன்டைன் மீன்பிடிச் சங்கத்தில் மீனைக் கொடுத்து வாங்குவது. அவளுடைய ஸ்கில்லுக்கு (சிறப்புத் திறன்) க்ரிட் வாய்ப்பை, அதாவது பலத்த அடி விழும் வாய்ப்பைக் கூட்டும், எனர்ஜி ரீசார்ஜும் (எனர்ஜி நிரம்பும் வேகம்) தரும். அவளுக்கு இரண்டும் வேண்டும். பேனர் வரும்வரை காத்திருக்கும் நாட்களில் மீன் பிடித்து வாளை வாங்கி, மேம்படுத்தி, லெவல் 90-க்கு ஏற்றி வைத்துவிடு.

இன்னொன்று, அவள் ஸ்கில்லைப் போட்டால் குழுவில் எல்லோருடைய உயிரும் குறைந்துகொண்டே போகும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அவளுடைய பர்ஸ்டுக்கு (எனர்ஜி நிரம்பியதும் போடும் பெரிய திறன்) பலம். அதனால் ஒரே சமயத்தில் நான்கு பேரையும் குணப்படுத்தும் ஆள் வேண்டும். ஜீன் இருக்கிறாளா உன்னிடம்?

நீலக்குடை:

ஜீன் இல்லை அக்கா. பார்பரா இருக்கிறாள், லெவல் 40-லேயே விட்டுவிட்டேன்.

மேகமலை:

பார்பரா போதும். அவளுடைய பர்ஸ்ட் நான்கு பேரையும் ஒரே அடியில் தூக்கிவிடும். உயிரைக் கூட்டும் ஆர்ட்டிஃபேக்ட் (அணிந்துகொள்ளும் பொருள்) போட்டு 70 வரை ஏற்று, போகிற வழியில் நீல விஷ்ஷும் கிடைக்கும். பின்னால் ஷார்லட் கிடைத்தால் அவளையும் பார், அவளும் ஃபோன்டைன்காரிதான், குழு முழுவதையும் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த லைவ்ஸ்ட்ரீமில் வரும் பேனர்களைச் சொல்வார்கள். லீக் என்று வருவதை நம்பி அவசரப்பட்டு எதையும் செலவழிக்காதே. ஃபுரினா பெயர் வந்தால் இங்கே வந்து எழுது, அன்றைக்கு உன் பிட்டி எவ்வளவு, கையில் எவ்வளவு என்றும் சொல், சேர்ந்து கணக்குப் போடலாம்.